கடல் மிதவைக்குக் கடலிலிருந்தே மின்சாரம்: கொங்குப் பட்டறைகளுக்கான கேள்வி பதில்

கடலின் வெப்பநிலை, உப்புத்தன்மை, அலை உயரம், காற்று ஆகியவற்றை அளந்து கரைக்கு அனுப்பும் மிதவைகளைப் பற்றிய பக்கம் இது. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை அலையிலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் எடுப்பது எப்படி என்று கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரத்துப் பட்டறைக்காரர்களும் பொறியியல் மாணவர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். இங்கு கரையோரச் சிறு மிதவையை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். எடை சுமார் 200 கிலோ, கடலின் ஆழம் 20 மீட்டர்.

கடலே இல்லாத ஊர்ல இருந்துட்டு நமக்கு எதுக்குங்க இந்த வேலை?

மிதவையில் கடல் சம்பந்தப்பட்டது பாதிதான். மீதிப் பாதி காயில் கட்டுவது, வார்ப்பு ஊற்றுவது, லேத்தில் பள்ளம் வெட்டுவது, சீல் போடுவது. இதெல்லாம் கோவையின் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் தினமும் நடக்கும் வேலை. தவிர, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் நாலு மணி நேரத்தில் அரபிக்கடல் வந்துவிடும். கோவையிலிருந்து சென்னைக்குப் போவதைவிட அது பக்கம்.

ஒரு மிதவைக்கு எத்தனை வாட் வேணும்?

எல்லோரும் முதலில் தப்புப் போடுவது இங்கேதான். ஜெனரேட்டர் எத்தனை வாட் தரும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். செலவிலிருந்து ஆரம்பியுங்கள். கரையோர மிதவை ஒன்றின் கணக்கு, 24 மணி நேரச் சராசரியில்:

டேட்டா லாகர் (அளவுகளைப் பதிந்து வைக்கும் கருவி), எப்போதும் ஓடும்: 0.05 வாட்
வெப்பநிலை, உப்புத்தன்மை உணரி, 0.5 வாட், பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம்: 0.05 வாட்
அல்ட்ராசோனிக் காற்றுமானி, எப்போதும்: 0.30 வாட்
அலை உணரி, 1.5 வாட், மணிக்கு 20 நிமிடம்: 0.50 வாட்
4ஜி மோடம், 2.5 வாட், மணிக்கு 2 நிமிடம்: 0.08 வாட்
ஜிபிஎஸ், 0.15 வாட், மணிக்கு 5 நிமிடம்: 0.01 வாட்
எச்சரிக்கை விளக்கு, 3 வாட், 20 நொடிக்கு 5 மின்னல், இரவு மட்டும்: 0.19 வாட்

கூட்டினால் 1.18 வாட், நாளொன்றுக்கு 28 வாட்-மணி. கன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரி இழப்புக்கு முப்பது சதவீதம் சேர்த்தால் 37 வாட்-மணி. அதாவது ராத்திரி பகல் இடைவிடாமல் சுமார் 1.5 வாட் கிடைத்தால் மிதவை ஓடும். செல்போன் சார்ஜரின் கால்வாசிகூட இல்லை.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். அலை உணரி மட்டுமே நாற்பது சதவீதத்துக்கு மேல் தின்கிறது. அதை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டினால் போதுமா என்று தரவு கேட்பவரிடம் விசாரித்துவிட்டு ஜெனரேட்டரைப் பெரிசாக்கலாம். ஒரு வாட்டை மிச்சம் பிடிப்பது ஒரு வாட்டைத் தயாரிப்பதைவிட எப்போதும் மலிவு.

இவ்வளவுதான்னா ஒரு சோலார் பேனல் வெச்சாப் போதாதுங்களா?

பல இடங்களில் போதும். இந்தியாவின் நங்கூரமிட்ட மிதவைகள் பெரும்பாலும் சோலாரையும் பேட்டரியையும் வைத்தே ஓடுகின்றன. நல்ல வெயிலில் 20 வாட் பேனல் ஒன்று, மிதவை ஆட்டம், உப்புப் படலம் எல்லாம் போக நாளுக்கு 50, 60 வாட்-மணி கொடுத்துவிடும்.

சிக்கல் மழைக்காலத்தில்தான். நாலைந்து நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிசு. புயல் நெருங்கும் அந்த நாட்களில்தான் தரவு அதிகம் வேண்டும். கடல்பறவைகளும் பேனலில் எச்சமிட்டே தீரும், அதைத் துடைக்க ஆள் கிடையாது. பேனல் கண்ணில் படும் பொருள் என்பதால் திருட்டும் உண்டு.

மூட்டமும் பெரிய அலையும் ஒரே பருவத்தில் வருகின்றன. அரபிக்கடல் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, வங்கக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வெயில் குறையும்போது அலை கூடும். ஆகவே சோலாரை எடுத்துவிட்டு அலையை வைப்பதைவிட, சின்னப் பேனலோடு அலையையும் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம். கடலுக்கு அடியில் இருக்கும் கருவிக்கு மட்டும் சோலார் என்ற பேச்சே கிடையாது.

அலை, நீரோட்டம், வெப்ப வித்தியாசம். இதுல எது நமக்கு?

அலைதான். கணக்கு எளிது. ஆழ்கடலில், அலை உயரத்தின் வர்க்கத்தை (மீட்டரில்) அலையின் கால அளவால் (நொடியில்) பெருக்கி, அதை 0.49-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் அகல அலைமுகத்தில் எத்தனை கிலோவாட் வருகிறது என்று கிடைக்கும். உயரம் என்று இங்கே சொல்வது, வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் உயரம், 6 நொடி என்றால் 2.9 கிலோவாட். மந்தமான நாளில் 0.3 மீட்டர், 4 நொடி என்றால் வெறும் 176 வாட். ஒரு மீட்டர் விட்டமுள்ள மிதவை அதில் ஒரு சதவீதத்தைப் பிடித்தாலும் 1.8 வாட். மேலே போட்ட 1.5 வாட் கணக்கை மயிரிழையில் தாண்டுகிறது. வடிவமைக்க வேண்டியது இந்த மந்தமான நாளுக்குத்தான். பெரிய அலை நாளுக்குத் தேவை பலம், மின்சாரம் அல்ல.

நீரோட்டத்தில் வேகத்தின் கனம் (வேகம் × வேகம் × வேகம்) வருவதால் சின்ன வேகத்தில் ஒன்றும் தேறாது. நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில் சதுர மீட்டருக்கு 512 வாட் ஓடும். அரை மீட்டரில் 64 வாட். 0.2 மீட்டரில் நாலே வாட், அதிலும் விசிறி மூன்றில் ஒன்றைப் பிடித்தால் அதிகம். பாம்பன் மாதிரி இடுக்குகளில் யோசிக்கலாம், திறந்த கரையில் வேண்டாம். ஓதத்தின் ஏற்ற இறக்கமும் தமிழ்நாட்டுக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான். அதெல்லாம் குஜராத்தின் காம்பே வளைகுடாவுக்கு உரிய சமாச்சாரம்.

வெப்ப வித்தியாசம் ஆழத்துக்கு இறங்கி ஏறும் கருவிகளுக்கு நன்றாகப் பொருந்தும். 2009-இல் ஹவாய்க்கு அருகே நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனமும் விட்ட சோலோ-டிரெக் என்ற மிதவையில் மெழுகு போன்ற பொருள் இருந்தது. மேல்நீரின் சூட்டில் அது உருகி விரியும், ஆழத்தின் குளிரில் உறைந்து சுருங்கும். அந்த அழுத்தத்தில் ஜெனரேட்டர் ஓடி ஒரு முழுக்குக்குச் சுமார் 1.7 வாட்-மணி கொடுத்தது. 500 மீட்டர் வரை இறங்கிய கருவி அது. 20 மீட்டர் ஆழத்தில் அந்தக் குளிர் எங்கே கிடைக்கும்?

நம்ம நாட்டுல இதைச் செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991-இல் ஐஐடி மெட்ராஸ் 150 கிலோவாட் அலை மின்நிலையம் அமைத்தது. அலை ஏறி இறங்கும்போது ஓர் அறைக்குள் காற்று அமுங்கி விரிந்து டர்பைனைச் சுற்றும் முறை. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதே காற்று முறையைச் சிறிதாக்கி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வழிகாட்டும் மிதவை செய்தது. 2022 நவம்பரில் ஐஐடி மெட்ராஸ் தூத்துக்குடிக் கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் ‘சிந்துஜா-1’ என்ற அமைப்பை இறக்கியது. அதன் உற்பத்தி 100 வாட். மேலே போட்ட செலவுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள், நூறு வாட் என்பது நம் மிதவைக்குப் பெரிய பணக்கார வீடு.

யோசனையும் புதிதல்ல. ஜப்பானின் யோஷியோ மசுதா காற்று டர்பைன் வைத்த விளக்கு மிதவைகளை 1940-களிலேயே சோதிக்க ஆரம்பித்தார். 1960-களில் அவை விற்பனைக்கே வந்துவிட்டன.

சின்ன மிதவைக்கு எந்த அமைப்புங்க நல்லது?

கருவிகளை மூடியிருக்கும் கூட்டின் சுவரைத் தண்டு துளைக்காத அமைப்பு எதுவோ அது. முழுதாக மூடிய கூட்டுக்குள் செங்குத்துத் தண்டில் ஒரு பக்கமாகக் கனம் வைத்து, மிதவை சாயும்போது அந்தக் கனம் தாழ்ந்த பக்கம் ஓடி ஜெனரேட்டரைச் சுற்றும்படி செய்யலாம். கைக்கடிகாரத்தில் தானாகச் சாவி ஏறும் முறையேதான். வெளியே நகரும் பாகம் எதுவும் இல்லை, கடல்நீர் தொடும் சுழல் சீலும் இல்லை.

எவ்வளவு தேறும்? 20 கிலோ வார்ப்பிரும்பு, தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி, சாய்வு 15 டிகிரி. மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உயர வித்தியாசம் 10 செ.மீ. சொச்சம், ஒரு தடவை சரிந்தால் 20 ஜூல். மிதவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒரு அலைக்கு இரண்டு சரிவு, 4 நொடி அலையில் 10 வாட். இது உச்சவரம்பு. உராய்வு, தாளம் தப்பிய ஆட்டம், டையோடு எல்லாம் போக ஐந்தில் ஒன்று கைக்கு வந்தால் நல்ல வேலை என்று சொல்வோம். 2 வாட். போதும்.

பெரிய மிதவையாக இருந்தால் மேலே சொன்ன காற்று டர்பைன் பக்கம் போகலாம். நங்கூரக் கயிற்றின் இழுவையில் டிரம் சுற்றும் முறைதான் அதிக வாட் தரும், ஆனால் கயிறு தேய்ந்தால் மின்சாரத்தோடு மிதவையும் போய்விடும்.

பிஎல்டிசி சீலிங் ஃபேன் மோட்டாரை ஜெனரேட்டரா மாத்தலாமுங்களா?

தாராளமாக. பிஎல்டிசி என்பது கார்பன் பிரஷ் இல்லாத, காந்தம் வைத்த மோட்டார். துருவங்கள் அதிகம், மெதுவாகச் சுற்ற வடிவமைத்தது, இங்கே கடைகடையாகக் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது வேகம். ஃபேன் மோட்டார் 350 ஆர்பிஎம் சுற்றும்போது சுமார் 24 வோல்ட் ரகம். நம் கனம் 15 ஆர்பிஎம்தான் சுற்றும். அப்படியே மாட்டினால் ஒரு வோல்ட் வரும், எதற்கும் ஆகாது. டைமிங் பெல்ட்டில் ஒன்றுக்கு ஆறு ஏற்றினால் 90 ஆர்பிஎம், 6 வோல்ட். பல்சக்கர கியர்பாக்ஸ் வேண்டாம். முன்னும் பின்னும் மாறி மாறிச் சுற்றும்போது பற்களின் இடைவெளி டக் டக்கென்று அடித்து ஆறே மாதத்தில் தேய்ந்துவிடும்.

இரண்டாவது டையோடு. சாதா சிலிக்கான் பிரிட்ஜில் இரண்டு டையோடு சேர்ந்து 1.4 வோல்ட் விழுங்கும், 6 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. காயிலை மெல்லிய கம்பியில் இரண்டு மடங்கு சுற்று போட்டுக் கட்டினால் அதே வேகத்தில் 12 வோல்ட் வரும். கம்பியின் மின்தடை நாலு மடங்காகும், மின்னோட்டம் பாதியாகும், ஆகவே செம்பில் வீணாகும் வாட் மாறாது. ஆதாயம் டையோடில்தான், இழப்பு 12 சதவீதத்துக்கு இறங்கும். குறைந்த வோல்ட்டே விழுங்கும் ஷாட்கி டையோடு போட்டால் இன்னும் பாதி.

மூன்றாவது, கையால் சுற்றும்போது கட்டுக் கட்டாய்ப் பிடித்துப் பிடித்து விடும் அந்தக் காந்தப் பிடிப்பு. காற்றில்லாத நாளின் சின்னச் சாய்வில் கனம் அந்தப் பிடிப்பைத் தாண்டாமல் நின்றேவிடும். வாங்கும்போது பத்து மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்து மிருதுவாகச் சுற்றுவதை எடுங்கள். பிடிப்பே வேண்டாம் என்றால் இரும்பில்லாத தட்டுக் காயிலை நீங்களே கட்டலாம். காந்தச் செலவு கூடும்.

சோலார் சார்ஜ் கன்ட்ரோலரையே மாட்டிட்டா?

மாட்டாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் பேனலைத் துண்டித்துவிடும், பேனலுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஜெனரேட்டரை அப்படித் துண்டித்தால் சுமை போய்த் தண்டு தறிகெட்டு ஓடும், வோல்ட்டேஜ் எகிறி கன்ட்ரோலரின் சுவிட்சான மாஸ்ஃபெட்டை எரிக்கும். எரிவது எப்போது? பேட்டரி நிறைந்து அலையும் பெரிதாக இருக்கும் நாளில், அதாவது படகு போக முடியாத நாளில். மிஞ்சும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டருக்குத் திருப்பும் கன்ட்ரோலர் வேண்டும். ரெசிஸ்டரை நீர்மட்டத்துக்குக் கீழே கூட்டின் உள்சுவரில் திருகிவிட்டால் சூடு கடலுக்குப் போய்விடும்.

அலை மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வரும், ஒரு நொடி 15 வாட், அடுத்த நொடி சைபர். பேட்டரிக்கு முன்னால் 2.7 வோல்ட், 100 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் ஆறைத் தொடராகப் போடுங்கள். மொத்தம் 16.2 வோல்ட், சுமார் 16.7 ஃபாரட். ஒவ்வொன்றுக்கும் சமன் செய்யும் ரெசிஸ்டர் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று மட்டும் 2.7-ஐத் தாண்டி ஊதிவிடும்.

பேட்டரி?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி. ஐந்து நாள் வரவே இல்லை என்று வைத்தால் 185 வாட்-மணி, எண்பது சதவீதம்தான் உபயோகிப்போம் என்றால் 230. இதன் கொள்ளளவு 256. கூட்டின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். குளிர்ச்சியாகவும் இருக்கும், மிதவை குப்புறாமல் கனமாகவும் உதவும். யுபிஎஸ்ஸில் வரும் ஈய-அமில பேட்டரியை மூடிய கூட்டுக்குள் வைப்பது ஆபத்து. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் தேங்கி, ரிலே ஒன்று பொறி தட்டினால் மூடி பறக்கும். எந்த பேட்டரியானாலும் அழுத்தம் வெளியேற ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம். மூடியைத் திறக்கும்போது ஆள் மூடிக்கு நேரே குனிந்து நிற்கக் கூடாது.

சப்மெர்சிபிள் பம்ப் வருஷக்கணக்கா போர்வெல்லுக்குள்ள ஓடுதே. அந்த அனுபவம் கைகொடுக்காதா?

கைகொடுக்கும், ஆனால் மூன்று இடத்தில் காலையும் வாரும். தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நனைந்தபடியே ஓடுகிறது. அந்த உறையில் ஊசி முனைத் துளை இருந்தாலும் போர் தண்ணீரில் பல நாள் தாக்குப்பிடிக்கும். கடல்நீர் அதைவிடப் பல மடங்கு மின்சாரம் கடத்தும், செம்பு அந்தத் துளையிலிருந்து பச்சைப் பொடியாகக் கரைந்து போகும்.

கேபிள் ஜாயின்ட்டும் அப்படியே. ரப்பர் டேப் சுற்றி மேலே பிவிசி டேப் சுற்றிய ஜாயின்ட், அலையில் நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்வதைத் தாங்காது. எபாக்ஸி அல்லது பாலியூரிதேன் ஊற்றி வார்த்த ஜாயின்ட்தான் நிற்கும். ஊற்றுவதற்கு முன் கேபிள் உறையை எமரித் தாளால் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பல பேர் மறப்பது, கம்பியின் உள்ளிழைகள் வழியாகவே தண்ணீர் திரி மாதிரி ஏறும் என்பதை. ஜாயின்ட்டுக்குள் ஒவ்வொரு கம்பியையும் ஒரு செ.மீ. உரித்துச் சாலிடர் ஊற்றி அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது மெக்கானிக்கல் சீல். பம்பில் அது ஒரே திசையில் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுவதால் இரு முகங்களுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நிற்கும். அலைத் தண்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆடும், படலம் உருவாகாது, முகம் உரசித் தேய்ந்து ஒழுகும்.

தண்ணி உள்ள போகாம மூடறது எப்படிங்க?

மூடியின் தட்டை முகத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். 3.53 மி.மீ. தடிப்புள்ள நைட்ரைல் ரிங்குக்குப் பள்ளத்தின் ஆழம் 2.65 மி.மீ., அதாவது ரிங் கால்வாசி நசுங்க வேண்டும். ஆழம் மூன்று மி.மீ. ஆனால் பிடிப்பு குறைவு, இரண்டரைக்குக் கீழே போனால் ரிங் வெட்டுப்படும். பள்ளத்தின் அடியை லேத்திலேயே முடியுங்கள், டூல் விடும் வட்டக் கோடுகள் பரவாயில்லை. எமரித் தாளைக் குறுக்கே இழுத்துப் பளபளப்பாக்கினால் அந்தக் குறுக்குக் கீறலே தண்ணீருக்கு வாய்க்கால். சிலிக்கான் கிரீஸ் பளபளக்கும் அளவுக்கு மட்டும், அப்பிவிடக் கூடாது. ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் ஒழுகும், ஆகவே ஒட்டாத துணியால் துடைத்து வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள்.

மூடியபின் சின்ன வேக்குவம் பம்பால் உள்ளே 0.3 பார் அழுத்தம் குறையும்வரை இழுத்து, கேஜை எழுதி வைத்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஊர் குளிர்ந்திருக்கும். 3 டிகிரிக்குச் சுமார் 0.007 பார் வித்தியாசம் வெப்பத்தால் மட்டுமே வரும், அதை ஒழுக்கு என்று நினைத்து மூடியைப் பிரிக்காதீர்கள். ராத்திரி, காலை இரண்டு வெப்பநிலையையும் குறித்தால் குழப்பமே இல்லை.

கூட்டைக் கரையில் வைத்து மூடுவது பெரிய தப்பு. உள்ளே மாட்டிக்கொள்ளும் ஈரக்காற்று, கடலின் குளிர்ச்சியில் வியர்த்து போர்டின் மேலே சொட்டும். இங்கேயே ஏசி அறையில், உலர வைத்த சிலிக்கா ஜெல் பையோடு மூடி, சோதித்து, அப்படியே கொண்டுபோங்கள்.

எந்த உலோகம்?

கூட்டுக்கு எச்டிபிஇ பிளாஸ்டிக் அல்லது தடித்த பிவிசி கிடைத்தால் உலோகமே வேண்டாம். திருகுகளுக்கு 316 எல் ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு). கடையில் “எஸ்எஸ்” என்று பொதுவாகச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் 304, வாஷருக்கு அடியில் காற்றுப் புகாத இடுக்கில் அது குழி குழியாக அரிக்கும். மேலே பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னும், கழற்றினால் கழுத்து பென்சில் முனையாக இருக்கும். 316 எல்-லும் இந்த நோய்க்கு முழு விலக்கல்ல, கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இரண்டு உலோகம் தொட வேண்டியிருந்தால் நடுவில் டெல்ரின் பிளாஸ்டிக் வாஷரும் குழாயும் போடுங்கள். அலுமினியக் கூட்டில் செம்பு எதையும் நேரடியாகத் திருகாதீர்கள், அலுமினியம் மாவாகிவிடும். உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாக ஆனோடு வைத்தால் அதற்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நங்கூரத்துக்கு கான்கிரீட் கட்டை போதுமா?

தண்ணீருக்குள் எடை குறையும் என்பதை நினைவில் வையுங்கள். 100 கிலோ கான்கிரீட் கடலுக்குள் 57 கிலோதான். 100 கிலோ வார்ப்பிரும்பு 86 கிலோ. ஃபவுண்டரியில் தள்ளுபடியான வார்ப்புகள் இங்கே மலிவு, கண்ணி வைத்து ஊற்றினால் நல்ல நங்கூரம். 20 மீட்டர் ஆழத்துக்கு 60 மீட்டர் நீளம் விடுங்கள். அடியில் 15 மீட்டர் சங்கிலி, மேலே நைலான் கயிறு, நடுவில் சுழலும் ஸ்விவல். கயிறு வளையும் இடமெல்லாம் அது தேயாமல் காக்கும் திம்பிள் வளையம். சங்கிலியை இணைக்கும் ஷேக்கிள் கொக்கியின் பூட்டுக்கம்பி ஆட்ட ஆட்டத்தில் தானாகக் கழன்றுகொள்ளும், அதைக் கட்டிவைக்க வேண்டும். ஆனால் நாக முலாம் பூசிய ஷேக்கிளை எஸ்எஸ் கம்பியால் கட்டினால் ஷேக்கிள் அரிக்கும். தடித்த நைலான் கேபிள் டை இரண்டு போதும்.

கடலுக்குக் கொண்டுபோகாம இங்கயே சோதிக்க முடியுமுங்களா?

முக்கால்வாசி முடியும். அரை எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார், ஒன்றுக்கு ஐம்பது வார்ம் கியர்பாக்ஸ், விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி), கிராங்க். கூட்டைக் கீலில் நிறுத்தி 15 டிகிரி இரு பக்கமும் ஆட்டுங்கள். 25 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 14 ஆட்டம், அதாவது 4 நொடி அலை. 17 ஹெர்ட்ஸில் 6 நொடி. மெதுவாக ஓடும்போது மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகும், கை வைக்க முடியாத சூடாகிவிடும், வெளியே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். ஒரு வாரம் இடைவிடாமல் ஆடவிட்டு, முதல் நாள் வாட்டையும் ஏழாம் நாள் வாட்டையும் ஒப்பிடுங்கள். பெல்ட்டும் பேரிங்கும் அதற்குள் பேசிவிடும்.

அரிப்புக்கு 200 லிட்டர் டிரம்மில் 7 கிலோ கல் உப்பைக் கரைத்து, திருகு, ஜாயின்ட் மாதிரிகளை மூன்று மாதம் தொங்கவிடலாம். உண்மைக் கடலின் கிருமியும் பாசியும் இதில் வராது, ஆனால் உலோகத் தப்புகள் மாட்டும்.

மிதப்புச் சோதனைக்கு பவானிசாகர், ஆழியாறு மாதிரி நீர்த்தேக்கங்கள் ஆகும், நீர்வளத்துறை அனுமதி வாங்கி. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் 200 கிலோ மிதவை அங்கே 5 லிட்டர் அளவு கூடுதலாக முங்கும். அணையில் ஆடிக்காற்றே அடித்தாலும் அலை ஓரிரு நொடிதான். கடலின் 6 நொடி அலைக்கு அது மாற்றல்ல, ஆகவே அங்கே வரும் வாட்டை நம்ப வேண்டாம். நீரோட்ட விசிறிக்குக் கீழ்பவானி வாய்க்கால் மாதிரி இடம் பொருத்தம். பத்து மீட்டர் அளந்து ஒரு முழுத் தேங்காயைப் போட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி ஓட்டம் ஏறக்குறைய வரும்.

மின்சாரம் எடுக்கறதால அளவீடு கெடாதா?

கெடும், இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஜெனரேட்டர் சுமை ஏறும்போது மிதவையின் ஆட்டத்தை அது அடக்குகிறது. அந்த ஆட்டத்தை வைத்துத்தான் அலை உயரத்தைக் கணக்கிடுகிறோம். பேட்டரி நிறைந்த நாளில் ஒரு அலை, காலியான நாளில் வேறொரு அலை என்று தரவு காட்டும். அலை அளக்கும் அந்த 20 நிமிடமும் கனத்தை ஒரே நிலையில் பூட்டி வைத்து அளப்பதே நேர்மையான வழி. காந்தங்கள் திசைகாட்டியைக் குழப்பும். திசை உணரியைக் கம்பத்தின் உச்சியில் வைத்து, ஜெனரேட்டர் உள்ளே இருக்கும்போதே அளவுதிருத்தம் செய்யுங்கள். ஒலி கேட்கும் ஹைட்ரோஃபோன் இருந்தால் அது கேட்பது பெல்ட்டின் சத்தத்தைத்தான்.

கொட்டலசு ஒட்டுமாமே?

கல் மாதிரி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர் (பார்னக்கிள்) அது. நம் கடலில் சில வாரங்களிலேயே ஒட்டும். கூட்டில் ஒட்டினால் எடை கூடி ஆட்டம் குறையும், உற்பத்தி சரியும். உப்புத்தன்மை உணரியின் குழாய்க்குள் ஒட்டினால் அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். உணரி முகத்தைச் சுற்றிச் செம்புத் தகடு போடலாம், கூட்டின் உலோகத்தைத் தொடாமல். கூட்டுக்குக் கப்பல் பெயின்ட். தரவில் உப்பு திடீரென்று குதிக்காமல் நாள்தோறும் ஒரே சரிவில் இறங்கினால் கடல் மாறவில்லை, உணரிதான் அழுக்காகியிருக்கிறது.

படகுக்காரங்க வந்து கட்டறாங்களாமே?

மிதவைக்கு அடியில் மீன் கூடும், மீன் இருக்கும் இடத்துக்குப் படகு வரும். கயிறு கட்டினால் கம்பம் வளையும். ஆரம்பத்திலேயே அந்த ஊர் மீனவர்களிடம் போய், இது என்ன, இதன் காற்று, அலைத் தரவு அவர்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு இறக்குவது, எச்சரிக்கைப் பலகையைவிட நன்றாக வேலை செய்யும். கட்டத் தோதான வளையம், கைப்பிடி எதையும் வெளியே விடாதீர்கள்.

அனுமதி, விளக்கு, ரேடியோ?

மாநில மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை, பக்கத்துத் துறைமுகம் ஆகியவற்றுக்கு எழுத்தில் போக வேண்டும். ஏற்கெனவே அனுமதி உள்ள ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து போவது சுலபம். கடல் தரவு மிதவைக்கு மஞ்சள் நிறம், மஞ்சள் விளக்கு, 20 நொடிக்கு ஐந்து மின்னல் என்பது உலக வழக்கம். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, லோரா என்ற குறைந்த மின்சார ரேடியோவுக்கு உரிமம் வேண்டாம். சாட்டிலைட் போன், மோடம் என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் தொடாதீர்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாக இருந்தாலும்.

கடலுக்குப் போற அன்னைக்குப் படகுல என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஓ-ரிங் நாலு செட், புதுச் சிலிக்கா ஜெல், வேக்குவம் பம்ப், கேஜ், மூடித் திருகுகளில் பாதி எண்ணிக்கை கூடுதலாக. திருகுப்புரியில் தடவ ஆன்டி-சீஸ் பசை, இல்லாவிட்டால் எஸ்எஸ் நட்டு பாதியிலேயே பற்றிக்கொண்டு அசையாது. ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் கையில் மாட்ட ஒரு கயிறு. நன்னீர் 20 லிட்டர், கழுவுவதற்கு. அலை அரை மீட்டருக்கு மேலே இருந்தால் மூடியைத் திறக்க வேண்டாம், கரைக்கு இழுத்து வந்து திறங்கள்.